அம்மாவின் பல் செட்: கழற்றி மாட்டுவதா, இம்பிளான்ட் வைப்பதா?

என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரை நோயும் ஈறு நோயும் சேர்ந்து 2016ஆம் ஆண்டுக்குள் அவர் வாயில் ஒரு பல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. அன்றிலிருந்து சென்னையில் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, பிராட்வே, பெரம்பூர் என்று பல் செட்டுக்காக நாங்கள் ஏறி இறங்கிய இடங்கள் நான்கு. கழற்றி மாட்டும் செட் போதுமா, தாடை எலும்பில் இம்பிளான்ட், அதாவது பல் வேருக்குப் பதிலான உலோகத் திருகு, வைத்து அதன்மேல் பல் கட்டுவதா என்று எங்கள் தெருவிலேயே பலர் குழம்பி நிற்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்தாடைக்கு, நிதானமாக அளவெடுத்துச் செய்த கழற்றும் செட்டே பெரும்பாலோருக்குப் போதும். காசைச் செலவழிக்க வேண்டிய இடம் கீழ்த்தாடை. அங்கேயும் இரண்டு இம்பிளான்ட் இருந்தால் பெரும்பாலான கஷ்டம் தீர்ந்துவிடும்.

முதல் செட்டை 2016இல் வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய மருத்துவமனையில் செய்தோம். ஒரு நாள் அளவெடுத்தார்கள். அடுத்த வாரம் செட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மேல் செட் சுமாராக நின்றது. கீழ் செட் ஒரு நாளும் நிற்கவில்லை. அம்மா வாயைத் திறந்தாலே அது நாக்கின்மேல் மிதந்து எழும்பும். "செவ்வாய்க்கிழமை" என்று சொல்வதற்குள் இரண்டு முறை நாக்கால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். உள்பக்கம் குத்திய இடத்தில் புண் வரும், ஆறும், மறுபடி அதே இடத்தில் வரும். கடைசியில், சாப்பிட உட்காரும்போது செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வது என்று வழக்கமாகிவிட்டது. பல் எதற்காகவோ அந்த வேலைக்கு அது உதவவில்லை. ஏழு ஆண்டுகள் அவர் குழைந்த சோற்றையும் ரசத்தையும் இட்லியையும் வைத்தே காலம் தள்ளினார். அதை ஏழு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கீழ் செட் நிற்காததற்குக் காரணம் செய்தவரின் அவசரம் மட்டும் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருவதால், எச்சிலின் மெல்லிய படலமும் காற்று புகாத விளிம்பும் சேர்ந்து அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே அண்ணம் இல்லை; குதிரை லாடம் போன்ற ஒரு குறுகிய மேடுதான் உண்டு, அதன் நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. போதாததற்கு, பல் போன இடத்தில் எலும்பும் கரைகிறது. பல் எடுத்த முதல் ஆண்டில்தான் அது மிக வேகமாகக் கரையும். பின்னர் மெதுவாக, ஆனால் நிற்காமல் கரைந்துகொண்டே இருக்கும். நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைவது தெரிந்திருக்கிறது. ஆகவே ஒரே வாயில் மேல் செட் கல்லாக நிற்பதும் கீழ் செட் படகாக ஆடுவதும் இயல்பே. இதை எங்களுக்கு முதலில் யாரும் சொல்லவில்லை.

2023இல் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். குளிரூட்டிய அறை, கனிவான பேச்சு எல்லாம் இருந்தன. "மேல நாலு, கீழ நாலு ஸ்குரூ போட்டு ஃபிக்ஸட்டா பல்லு கட்டிட்டா, வாழ்நாள் முழுக்கக் கவலையே இல்ல" என்று சொல்லி, ஐந்தரை லட்ச ரூபாய்க்கு ஒரு தாளை நீட்டினார்கள். அதுவரை சர்க்கரை அளவு என்ன என்று கேட்கவில்லை. எலும்பின் அகலத்தைக் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனும் எடுக்கவில்லை. கழற்றாமல் நிலையாக நிற்கும் பல் வரிசை நல்ல சிகிச்சைதான். அதை நான் குறை சொல்லவில்லை. வாயை முழுதாகச் சோதிக்கும் முன்பே விலையைச் சொன்னதும், இடையில் வேறு வழி இருப்பதையே சொல்லாமல் விட்டதும்தான் என் குறை. சுத்தம் செய்யாவிட்டால் இம்பிளான்ட்டைச் சுற்றியும் ஈறு வீங்கிச் சீழ் பிடித்து எலும்பு கரையும். ஈறு நோயால் எல்லாப் பல்லையும் இழந்த ஒருவருக்கு "வாழ்நாள் முழுக்க" என்ற சொல்லை யாரும் இவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடக் கூடாது.

அதன்பின் ஒரு உறவினர் சொல்லி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1953இல் தொடங்கிய இடம் அது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்க வேண்டும், காத்திருக்க வேண்டும், ஐந்தாறு முறை போக வேண்டும். அந்த ஐந்தாறு முறையும் வீணாகவில்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். முதல் நாள் தோராயமாக ஓர் அளவெடுத்து, அதை வைத்து அம்மாவின் தாடைக்கென்றே ஒரு தட்டு செய்தார்கள். அடுத்த முறை, மெழுகுபோல் இளகும் பச்சை நிறக் குச்சி ஒன்றைச் சிறு விளக்கின் சுடரில் இளக்கி, அந்தத் தட்டின் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, "கன்னத்தை உறிஞ்சுங்கம்மா, நாக்கை வெளிய நீட்டுங்க, உதட்டைக் குவிங்க" என்று சொல்லிச் சொல்லி, தசை எங்கெங்கே அசைகிறது என்பதையெல்லாம் அந்த விளிம்பிலேயே பதிய வைத்தார்கள். மேலும் கீழும் கடிக்கும் உயரத்தை மெழுகில் பார்த்தது ஒரு நாள். மெழுகில் பல்லைப் பதித்து முகத்துக்குப் பொருந்துகிறதா என்று கண்ணாடியில் காட்டியது இன்னொரு நாள். செய்தவர் பயிற்சியில் இருந்த ஓர் இளம் மருத்துவர். ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்து, சரி என்ற பிறகே அடுத்த கட்டம். வெளியில் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று.

புது செட் மாட்டிய இரண்டாம் நாளே ஓரிடத்தில் புண் வந்தது. இம்முறை அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதை அருகில் நின்று பார்த்தேன். அந்தப் புண்ணின்மேல் ஊதா நிறப் பென்சிலால் ஒரு பொட்டு வைத்து, செட்டை மாட்டி அழுத்திக் கழற்றினார்கள். செட்டின் உட்புறத்தில் சரியாக அந்த இடத்தில் ஊதாப் பொட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பொட்டை மட்டும் தேய்த்துவிட்டார்கள். மூன்று நாளில் புண் ஆறியது. திரும்ப வரவே இல்லை. முதல் செட்டில் ஏழு ஆண்டுகள் பட்ட வலிக்கு இவ்வளவுதான் வைத்தியம்.

மேல் செட் அன்றிலிருந்து இன்று வரை அசையவில்லை. கீழ் செட் முன்னைவிட எவ்வளவோ மேல் என்றாலும், கடித்து மெல்லும்போது பின்பக்கம் எழும்பத்தான் செய்தது. மேடே இல்லாத இடத்தில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவ்வளவுதான் என்று கல்லூரியிலேயே எங்களிடம் நேராகச் சொன்னார்கள். அதனால்தான் பெரம்பூரில் இம்பிளான்ட் வைக்கும் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் அம்மாவின் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் செட்டை நல்லாத்தான் செஞ்சிருக்காங்கம்மா, இதையே வச்சுக்கலாம், புதுசு வேணாம்" என்றார். எங்களுக்கு அங்கேயே பாதி பாரம் குறைந்தது.

கோரைப்பல் இருந்த இடத்தில், இருபக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு டைட்டானியம் இம்பிளான்ட். அதன்மேல் இப்போதைய கீழ் செட்டே வந்து கவ்விக்கொள்ளும் என்பது அவர் சொன்ன திட்டம். டைட்டானியத்தை எலும்பு தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பதைக் கண்டறிந்த ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க், 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைப் பொருத்தினார். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு, வெறும் செட்டைவிட இரண்டு இம்பிளான்ட்டோடு சேர்ந்த செட்டையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்திருக்கிறார்கள். கோரைப்பல் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் காரணம் உண்டு. மற்ற இடங்களில் எலும்பு கரைந்தாலும் தாடையின் முன்பகுதியில் ஓரளவு மிஞ்சியிருக்கும். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குப் பின்னால்தான் எலும்பைவிட்டு வெளியே வருகிறது. அந்த நரம்பில் பட்டால் உதடு மரத்துப்போகும் என்பதால் சி.பி.சி.டி. ஸ்கேன் இல்லாமல் அவர் தொடவில்லை. அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) அப்போது 8.6. அது 7.2க்கு இறங்கும் வரை நாள் குறிக்கவும் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்காகவே அவரை நம்பினோம்.

2024 ஜனவரியில் இரண்டையும் ஒரே நாளில் வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டதோடு சரி. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு வாரம் கீழ் செட் போடக் கூடாது. பிறகு அதன் உட்புறத்தைக் குடைந்து மெத்தென்ற பூச்சு ஒன்றைக் கொடுத்தார்கள். எலும்பு பிடிக்க மூன்றரை மாதம் காத்திருந்தோம். மே மாதம், ஈறுக்குமேல் தெரியும் இரண்டு சிறிய உலோகக் குமிழ்களைப் பொருத்தி, செட்டின் உட்புறத்தில் அவற்றுக்கான மூடிகளைப் பதித்தார்கள். ஜாக்கெட்டின் டிச் பட்டன் எப்படியோ அப்படித்தான் இது. மாட்டும்போது இரண்டு முறை "டக், டக்" என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் அம்மா தாடையை இடவலமாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆடலடி" என்றார். ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆயிற்று.

இப்போது நெத்திலி வறுவலை முள்ளோடு மெல்லுகிறார். முறுக்கை ஊறவைக்காமல் கடிக்கிறார். ஆனாலும் சொந்தப் பல் திரும்பிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கரும்பையும் ஆட்டு எலும்பையும் அவர் தொடுவதில்லை. கொய்யா விதை செட்டின் அடியில் புகுந்தால் கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும். மேல் செட் அண்ணத்தை மூடியிருப்பதால் காபியின் சூடு தெரியாமல் தொண்டையைச் சுட்டுக்கொண்ட நாட்களும் உண்டு. அண்ணத்தைத் திறந்துவிட வேண்டுமானால் மேலே குறைந்தது நான்கு இம்பிளான்ட் வேண்டும். அங்கே எலும்பு மென்மையானது, மேலே சைனஸ் என்ற காற்றறை வேறு இருக்கிறது. அண்ணத்தில் எது பட்டாலும் குமட்டுகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும், அம்மாவுக்குத் தேவைப்படவில்லை.

பராமரிப்பு இரண்டுக்கும் உண்டு. இரவில் இரண்டு செட்டையும் கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பற்பசை தேய்த்தால் கீறல் விழும், வெந்நீர் பட்டால் உருமாறும். வாயில் போட்டபடியே தூங்கினால் அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். ஈறுக்குமேல் தெரியும் இரண்டு குமிழ்களையும் பல்லைப்போலவே தினமும் துலக்க வேண்டும். இதில் அம்மா சோம்பினால் நான் விடுவதில்லை. மூடிக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து பிடிப்பு தளரும். இரண்டு ஆண்டுகளில் ஒரு முறை மாற்றினோம், 2,000 ரூபாய் ஆனது. எலும்பு தொடர்ந்து கரைவதால், செட்டின் உட்புறத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நிரப்பிச் சரிசெய்யவும் நேரும்.

இம்பிளான்ட் எல்லோருக்கும் ஆகாது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்பவர். அவ்வகை மருந்தால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் இருப்பதால், அதே பெரம்பூர் மருத்துவர் அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களும், பீடி சிகரெட்டை விடாதவர்களும் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டே எதையும் செய்ய வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே வைத்த இம்பிளான்ட் எந்த நிறுவனத்தினுடையது, விட்டம் எத்தனை மில்லிமீட்டர், நீளம் எத்தனை என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் அதன் பெட்டியிலேயே வரும். நாளைக்கு அந்த மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும், வளையமோ குமிழோ மாற்றும் அடுத்தவருக்கு அது தெரிந்தாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் பாகம் பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அம்மாவின் இரண்டு ஒட்டுத்தாள்களையும் ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்திருக்கிறார்.