மலட்டு நியூட்ரினோவைத் தேட: மின் உலையா, ஆய்வு உலையா?

அணு உலைகளிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோக்கள் (நியூட்ரினோ என்ற நுண்துகளின் எதிர்த்துகள்கள்) கணக்கிட்டதைவிட சுமார் 6 சதவீதம் குறைவாகவே அளக்கப்பட்டன என்று 2011-ல் தெரிந்தது. அவற்றில் சில, டிடெக்டரில் சிக்கவே சிக்காத மலட்டு நியூட்ரினோவாக மாறிவிடுகின்றனவோ என்ற சந்தேகத்தில், உலைக்குப் பக்கத்திலேயே டிடெக்டர் வைக்கும் சோதனைகள் வரிசையாகக் கிளம்பின. ஆனால் குறைவு மட்டும் மலட்டு நியூட்ரினோவுக்குச் சான்றாகாது, கணக்கே பிசகியிருக்கலாம். அப்படி மாறுவது உண்மையென்றால், தொலைவும் ஆற்றலும் மாற மாற எண்ணிக்கை அலைபோல ஏறி இறங்க வேண்டும். அந்த அலையின் நீளம்தான் எந்த உலை என்பதை முடிவு செய்கிறது.

4 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலுக்கு, நிறை வர்க்க வேறுபாடு (மலட்டு, சாதாரண நியூட்ரினோக்களின் நிறைகளை வர்க்கப்படுத்திக் கழித்தது) 1 எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம் என்றால் அலைநீளம் சுமார் 10 மீட்டர். அதுவே 7 என்றால் 1.4 மீட்டர்தான். மின் உலையின், அதாவது மின்சாரம் தயாரிக்கும் அணு உலையின், எரிபொருள் கரு மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். நியூட்ரினோ அதில் எங்கே பிறந்தது என்று தெரியாததால் 1.4 மீட்டர் அலை அதற்குள்ளேயே அழிந்துபோகும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உள்ள ஹைஃபிர் ஆய்வு உலையின் கரு அரை மீட்டர்தான்.

எண்ணிக்கையில் மின் உலைக்குக் கிட்ட யாரும் வர முடியாது. ரஷ்யாவின் கலீனின் நிலையத்தில் 3.1 கிகாவாட் வெப்பத் திறனுள்ள உலைக்கு அடியில் நிற்கும் டான்ஸ் என்ற டிடெக்டர், நெருங்கிய நிலையில் நாளுக்கு 5,000 அளவில் நிகழ்வுகளைப் பிடிக்கிறது. தலைக்கு மேல் உலையும் கட்டடமும் 50 மீட்டர் தண்ணீருக்குச் சமமான கவசம். 85 மெகாவாட் ஹைஃபிரில் ப்ராஸ்பெக்ட் என்ற டிடெக்டர் சேர்த்தது நாளுக்கு 500-க்குச் சற்று மேல். மேலே கவசம் கிட்டத்தட்ட இல்லாததால் அண்டக் கதிர் நியூட்ரான்கள் கொட்டுகின்றன. சிக்னலும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் ஆய்வு உலை அடிக்கடி நிற்கும், அந்த நாட்களில் பின்னணியை நேரடியாக அளக்கலாம். மின் உலை நிற்பது எரிபொருள் மாற்றும்போதுதான். யுரேனியம்-235 மட்டுமே எரிவதும் ஆய்வு உலைக்குச் சாதகம்: மின் உலையில் புளூட்டோனியம் சேரச் சேர நிறமாலை (எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரினோ என்ற பரவல்) மெல்ல மாறும்.

ஒப்பிடும் முறையிலும் சாமர்த்தியம் தேவை. டான்ஸ் டிடெக்டரையே லிஃப்டில் 2 மீட்டர் ஏற்றி இறக்கி, மேல்-கீழ் விகிதம் பார்க்கிறது. கணித்த நிறமாலையை நம்பவே தேவையில்லை. தென்கொரியாவின் நியோஸ் டிடெக்டர் 24 மீட்டரில் ஒரே இடத்தில் நின்று, சீனாவின் டயா பே உலைச் சோதனையின் அளவீட்டோடு ஒப்பிட்டது. இரண்டு உலைகளின் எரிபொருள் விகிதம் ஒன்றாக இல்லாததால் அதைத் திருத்தியாக வேண்டும். என் ஓட்டு லிஃப்டுக்கு. ஆனால் டான்ஸின் ஆற்றல் துல்லியம் 1 எம்.இ.வி.யில் 30 சதவீதத்துக்கும் மோசம். ப்ராஸ்பெக்ட்டில் 5-க்கும் கீழ்.

எதிர்நியூட்ரினோ டிடெக்டரில் மோதும்போது ஒரு நியூட்ரான் வெளிவரும். அதைப் பிடிக்கக் கடோலினியம் என்ற உலோகம் போட்டால் மொத்தம் 8 எம்.இ.வி. காமா கிடைக்கும். இயற்கைக் கதிரியக்கத்தைத் தாண்டித் தெளிவாகத் தெரியும், ஆனால் சின்ன டிடெக்டரில் ஓரத்திலிருந்து காமா தப்பிவிடும். லித்தியம்-6 பிடித்தால் வெளிவரும் ஆல்ஃபா, ட்ரைட்டான் என்ற கனமான துகள்கள் அதே இடத்தில் அடங்கும். வெளிச்சம் அரை எம்.இ.வி. அளவுதான் என்றாலும் துடிப்பின் வடிவமே காட்டிக்கொடுக்கும். கவசமில்லாத இடத்துக்கு லித்தியம்தான் சரி. ப்ராஸ்பெக்ட்டை வாட்டியது வேறு சங்கதி: மங்கிய ஒளியைப் பிடிக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்களின் உறைகள் சின்டிலேட்டருக்குள்ளேயே (துகள் பட்டால் ஒளிரும் திரவம்) மூழ்கியிருந்தன, அது உள்ளே கசிந்து குழாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடுத்த வடிவமைப்பில் குழாய்களைத் திரவத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

ரஷ்யாவின் திமித்ரோவ்கிராதில், ஆய்வு உலையில் நடந்த நியூட்ரினோ-4 என்ற சோதனை, 7 எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம் அருகே அலை தெரிவதாகச் சொன்னது. அந்த இடத்தில் டான்ஸ் போன்ற மின் உலைச் சோதனைக்குக் கூர்மை போதாது. அதைச் சோதித்தவை ப்ராஸ்பெக்ட்டும் பிரான்ஸின் ஸ்டீரியோவும், இரண்டுமே சிறு கரு உலைகளில். இரண்டிலும் அந்த அலை தெரியவில்லை.