தூர்த்த விரைவுச்சாலை: ராச்செஸ்டர் யூனியன் தெரு எப்படி இருக்கிறது?

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், நகர மையத்தைச் சுற்றி ஓடிய இன்னர் லூப் விரைவுச்சாலையின் கிழக்குப் பகுதியை மண் போட்டுத் தூர்த்து யூனியன் தெருவாக்கிவிட்டார்கள். எந்த ஊரிலும் உள்வட்டச் சாலைக்கு வரைபடம் போடுகிறவர்கள் அதற்கு முன்பு இதைப் படித்துவிட வேண்டும்.

பழைய சாலையை 1950களில் தொடங்கி 1965இல் முடித்தார்கள். நீளம் சுமார் 4.3 கி.மீ.; வளையத்தின் மிச்சத்தை ஐ-490 நெடுஞ்சாலை நிறைவு செய்தது. கிழக்கில் அது தரைக்குக் கீழே பள்ளமாகப் போனது. இருபுறமும் தடுப்புச்சுவர், குறுக்கே பாலங்கள், மேலே இணைசாலைகள். எல்லாம் சேர்த்தால் சில இடங்களில் 12 தடங்கள். கடைசியில் அங்கே ஓடியது நாளொன்றுக்குச் சுமார் 7,000 வண்டிகள்தான். இருவழித் தெரு ஒன்றே அதைத் தாங்கும்.

ஊரைக் கடந்து போகிறவரையும் மையத்துக்குள் வருகிறவரையும் ஒரே தடத்தில் விட்டதுதான் இவ்வகைச் சாலைகளின் அடிப்படைப் பிழை. விரைவுச்சாலைக்குள் நுழையும் ஏறுவழிக்கும், வெளியேறும் அடுத்த இறங்குவழிக்கும் நடுவே சுமார் 480 மீட்டர் விடச் சொல்கின்றன அமெரிக்க வடிவமைப்பு நெறிகள். நாலு கிலோமீட்டர் வளையத்தில் தெருவுக்குத் தெரு இறங்குவழி கேட்டால் அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் ஒன்றின் குறுக்கே ஒன்று பாயும். வேகம் குறையும், பின்னால் வருகிறவர் பிரேக்கில் கால் வைப்பார், நெரிசல் பின்னோக்கி வளரும். தடங்களைக் கூட்டினால் தடம் மாற இன்னும் அதிகம் நகர வேண்டியிருக்கும்; சிக்கல் தீராது.

தூர்க்கும் வேலை 2014 முதல் 2017 வரை நடந்தது. செலவு ஏறத்தாழ 2.2 கோடி டாலர், அதில் 1.77 கோடி டைகர் (TIGER) என்ற போக்குவரத்து மானியத் திட்டத்தின் கீழ் மத்திய அரசு தந்தது. இப்படிப்பட்ட பள்ளத்தில் மண்ணைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. பழைய தளத்தை உடைக்காமலோ துளையிடாமலோ விட்டால் அடியில் தொட்டி போலத் தண்ணீர் நிற்கும். குளிரில் அது உறைந்து மேல்தளத்தைத் தூக்கும். மண்ணை 20-30 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் இறுக்கிச் சோதித்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். புதைந்த சுவரை ஒட்டிய ஓரங்களில் பெரிய உருளை நெருங்காது. அங்கே கைக்கருவியால் இறுக்காவிட்டால், சில வருடங்களில் சுவர்க் கோடு சாலையில் விரிசலாகத் தெரியும்.

யூனியன் தெரு இப்போது நன்றாக இருக்கிறது. பழைய பாலங்கள் வழியாக மட்டும் கடந்த இடத்தை இன்று தெருமுனைகளில் நடந்தே கடக்கலாம். வண்டிகளிலிருந்து பிரித்த இருவழி மிதிவண்டிப் பாதை உண்டு. மீண்ட சுமார் 6 ஏக்கரில் குடியிருப்புகள் எழுந்தன, விளையாட்டுக்கான ஸ்ட்ராங் அருங்காட்சியகமும் விரிந்தது. பெரிய குறை, வேலை கிழக்கோடு நின்றதுதான். வடக்குப் பகுதிக்கு மாநில அரசு 2022இல் 10 கோடி டாலர் ஒதுக்கியது. அது கடினமான பகுதி: பக்கத்திலேயே ரயில் பாதை, நடுவில் ஜெனசி ஆறு. கிழக்கின் வரைபடத்தை அப்படியே அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.