எக்கோவில் 17 மி.மீ. என்றார்கள், இருந்தது 9

என் தம்பிக்கு 36 வயது. பிரஷர் கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது. ஆபீஸில் எல்லோரும் போகிறார்களே என்று மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்காக ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனவன், "ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி சந்தேகம்" என்று எழுதிய எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டோடு திரும்பினான். அதாவது, இதயத் தசை அளவுக்கு மீறித் தடிக்கும் நோய். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர் 17 மி.மீ. தடிமனாம். ஆண்களுக்கு 6 முதல் 10 வரை இயல்பு. வேறு காரணம் இல்லாமல் 15-ஐத் தொட்டாலே இந்த நோயைத்தான் சந்தேகிப்பார்கள்.

இது பரம்பரையாக வரக்கூடியது என்பது உண்மை. நிஜமாகவே இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் மறுநாளிலிருந்தே எம்ஆர்ஐ, ஜீன் டெஸ்ட், வீட்டில் எல்லோருக்கும் எக்கோ என்று ஒரு 'ஃபேமிலி பேக்கேஜ்' விலை சொல்லி போன் மேல் போன். அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டார்.

ரிப்போர்ட்டை நிதானமாகப் படித்தால் இன்னொரு கூத்து. மேலே 17 என்று போட்டுவிட்டு, கீழே "சுவர் தடிமன் இயல்பு" என்ற ரெடிமேட் வரியை அழிக்காமலே விட்டிருந்தார்கள். படங்களைக் கேட்டோம். "ரிப்போர்ட் மட்டும்தான் தருவோம்" என்றார்கள். சண்டை போட்ட பிறகு ஒரு பிரிண்ட் வந்தது.

அதோடு வேறொரு மருத்துவமனையில் இதய டாக்டரைப் பார்த்தோம். தம்பியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈசிஜி ஒயர் மாட்டி, திரும்பத் திரும்ப அளந்தார். 9 மி.மீ. முதல் இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒயரே மாட்டாமல் சட்டென்று முடித்திருக்கிறார்கள்.

பழைய பிரிண்டில் தவறு எங்கே என்றும் காட்டினார். சுவருக்குச் செங்குத்தாக, மைட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வு) நுனிக்குப் பக்கத்தில் அளக்க வேண்டிய கோட்டைச் சாய்வாக இழுத்திருந்தார்கள். வலது அறையின் தசைப் பட்டை ஒன்றையும் சுவரோடு சேர்த்துவிட்டார்கள். இதயம் முழுக்க விரிந்திருக்கும் கட்டத்தில்தான் அளக்க வேண்டும். சுருங்கும்போது சுவர் தடித்துத்தான் தெரியும். அந்தக் கட்டத்தைச் சரியாகப் பிடிக்கத்தான் ஈசிஜி. ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு மி.மீ. மாறுவது சகஜம், எட்டு மாறாது என்றார்.

அதனால் சுவர் தடிமன் என்று யாராவது பயமுறுத்தினால், பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் அளவுக்கோடு தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வீடியோவையும். அதை வேறொரு இதய டாக்டரிடம் காட்டுங்கள்.

சென்டரில் போய்க் கேட்டதற்கு, "மெஷின் காட்டுவதைத்தான் நாங்கள் எழுதுகிறோம்" என்றார் மேனேஜர். கோட்டை இழுத்தது யார் என்றதற்குப் பதில் இல்லை. பணமும் திரும்பி வரவில்லை. அடுத்த செக்கப்புக்குத் தள்ளுபடி கூப்பன் மட்டும் கொடுத்தார்கள்.