வகிடு அகலும்போது: பி.சி.ஓ.எஸ். முடி உதிர்வுக்கு மினாக்சிடில், ஒன்றரை வருடப் பயன்பாட்டில்

பி.சி.ஓ.எஸ்ஸில் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில்) முடி போவது சீப்பில் தெரிவதற்கு முன்பே வகிட்டில் தெரிந்துவிடும். உச்சியில் வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகலும். பின்னல் எலிவால் ஆகும். மூன்று சுற்றில் நின்ற ரப்பர் பேண்ட் நான்காவது சுற்றுக்குப் போகும். நெற்றியோர முடி மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். உடம்பில் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் கூடும்போது, அதிலிருந்து உண்டாகும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் உச்சந்தலையின் வேர்ப்பைகளைச் சுருக்குகிறது. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி முந்தியதைவிட மெலிந்து, குட்டையாக வருகிறது. எண்ணெய் முடித்தண்டை வழுவழுப்பாக்கும், சிக்கு எடுக்கும்போது அறுந்துபோவதைக் குறைக்கும். வேர்ப்பைக்குள் நடப்பதை அது தொடாது. மொட்டையடித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் அப்படித்தான்: வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் தடித்ததுபோல் தோன்றும், வேர்ப்பை பழைய அளவிலேயே இருக்கும்.

தலையில் பூசும் மருந்துகளில் இதற்கு நீண்ட காலமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது மினாக்சிடில்தான். ரத்த அழுத்த மாத்திரையாக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்த பிறகே தலைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் ஆண்களுக்கு 1988-இலும், பெண்களுக்கு 2 சதவீதத் திரவமாக 1991-இலும், 5 சதவீத நுரையாக 2014-இலும் அனுமதி கிடைத்தது. பெண்கள் போடும் அளவு இரண்டு விதம்: 2 சதவீதத் திரவம் என்றால் காலையும் இரவும் 1 மில்லி, 5 சதவீத நுரை என்றால் நாளுக்கு ஒரு முறை, அரை மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தரும். ஒரு முறை போடுவதையே ஒன்றரை வருடம் விடாமல் செய்ய முடியும். அதனால் 5 சதவீதம், ஒரு வேளை என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நுரை கிடைக்காவிட்டால் 5 சதவீதத் திரவத்தை ஒரு வேளை 1 மில்லி போடச் சொல்லும் தோல் மருத்துவர்கள் உண்டு. 60 மில்லி பாட்டில் அப்போது இரண்டு மாதம் வரும். 40 நாளில் காலியானால் அளவு கூடுகிறது என்று அர்த்தம்.

பம்ப் மூடியை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அழுத்தில் வரும் அளவு வேறு. பாட்டிலோடு வரும் சொட்டுக்குழாயில் 1 மில்லி கோடு இருக்கும். இல்லையென்றால் மருந்துக்கடையில் 1 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசி இல்லாமல் பயன்படுத்தலாம். தலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தலையில் போட்டால் எரிச்சல் கூடும். நடு வகிடு எடுத்து அதன்மேல் நான்கைந்து சொட்டு, பிறகு அரை அங்குலம் தள்ளி இன்னொரு வகிடு, மறுபக்கமும் அப்படியே. மருந்து தோலில் படவேண்டும், முடியில் அல்ல. விரல் நுனியால் லேசாகப் பரப்பிவிட்டு உடனே கை கழுவ வேண்டும். நான்கு மணி நேரம் தலையை நனைக்கக் கூடாது. இரவு போடுபவர்கள் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். ஈரம் தலையணையில் ஒட்டி, அங்கிருந்து கன்னத்துக்கு வரும். நுரை உடம்புச் சூட்டிலேயே உருகுவது. சென்னை வெயிலில் கையில் எடுத்த நொடியில் தண்ணீராகிவிடும் என்பதால், விரல்களைக் குளிர்ந்த நீரில் கழுவித் துடைத்துவிட்டு எடுப்பது உதவும்.

எண்ணெய் தேய்க்கும் பழக்கத்தை விடவேண்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மருந்தைப் போட்டால் தோலுக்குள் இறங்காது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு நன்றாக அலசி, காய்ந்தபின் இரவு போடலாம். வீட்டில் பூனை இருந்தால் மிகுந்த கவனம் தேவை. பூனைக்கு மினாக்சிடில் கொடிய விஷம். தலையணை உறையை நக்கினாலே ஆபத்து. ஆல்கஹால் கலந்த மருந்து என்பதால், ஈரம் காயும் வரை அடுப்புப் பக்கமும் போக வேண்டாம்.

இனி மாதக்கணக்கு. இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முடி அதிகமாகக் கொட்டத் தொடங்கும். பெரும்பாலானோர் மருந்தைத் தூக்கிப்போடுவது இங்கேதான், மனம் உடைவதும் இங்கேதான். ஓய்வுக் கட்டத்தில் இருந்த பழைய முடிகளை, புதிதாக வளரத் தொடங்கும் முடி தள்ளிவிடுவதால் வரும் உதிர்வு இது. எல்லோருக்கும் வருவதில்லை, வந்தவர்களுக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். மூன்று மாதம் தாண்டியும் அதே வேகத்தில் கொட்டினால் காரணம் வேறாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவது மாதத்தில் உதிர்வு குறைந்தது தெரியும். ஆறாவது மாதம் வகிட்டோரம் குட்டை முடிகள் குச்சி குச்சியாக நிற்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். அதற்குப் பிறகு கூடுவதைவிட, இருப்பது நிலைப்பதே நடக்கும். பதினெட்டு வயதில் இருந்த ஜடை திரும்பி வராது. வகிடு ஒடுங்கும், வெயிலில் மண்டைத்தோல் பளிச்சென்று தெரிவது குறையும். அது சின்ன விஷயமில்லை.

குளியலறை வடிகாலில் சேரும் முடியை எண்ணிப் பயப்படுவதில் பயனில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு; வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தால் மூன்று நாள் முடி ஒரே நாளில் வரும். மாதம் ஒரு முறை, அதே ஜன்னலோரம், அதே நேரம், காய்ந்த தலையில், நடு வகிடு எடுத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த மாதப் படங்களில் வித்தியாசம் தெரியாது. முதல் படத்தையும் ஆறாவது படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

அரிப்பும் வெள்ளைச் செதிலும் வந்தால் பொடுகு என்று நினைத்துவிடுவது வழக்கம். திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது இல்லாத நுரைக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முகத்தில் முடி வருவதுதான் பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களைக் கலங்க வைக்கும் விஷயம். மருந்தால் வருவது நெற்றியோரம், கிருதா, கன்னம் ஆகிய இடங்களில் பூனைமுடிபோல மென்மையாக வரும். நிறுத்தினால் சில மாதங்களில் போய்விடும். தாடையிலும் மேலுதட்டிலும் கறுத்துத் தடித்து வருவது பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் வேலை. முன்னதற்கு அளவைக் குறைத்து, நெற்றியிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட வேண்டும். பின்னதற்கு உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும். படபடப்பு, தலைசுற்றல், கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மினாக்சிடில் ஆண்ட்ரோஜனைத் தொடுவதே இல்லை. அதை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல. அதனால்தான் கூடவே ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை எழுதுவார்கள். 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்கி 100 வரை ஏற்றுவது வழக்கம், சிலருக்கு அதற்கு மேலும். இதுவும் ஆறு மாதத்துக்கு முன் பேசாது. சிறுநீர் அடிக்கடி போகும் என்பதால் காலையில் சாப்பிடுவது நல்லது. மாதவிடாய் நாள் தவறலாம், நடுவில் ரத்தக்கறை படலாம். கருத்தடை மாத்திரையோடு சேர்த்துத் தருவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியது: கருவில் இருப்பது ஆண் குழந்தையானால் அதன் உறுப்பு வளர்ச்சியை இந்த மருந்து பாதிக்கக்கூடும். பொட்டாசியம் ஏறக்கூடும் என்பதால், சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பையும், தாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். இளநீர் தினமும் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாதவிடாயைச் சீராக்க உதவும். முடிக்காக மட்டும் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் டி.எஸ்.ஹெச். (தைராய்டு பரிசோதனை), ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது பணத்தையும் மாதங்களையும் மிச்சப்படுத்தும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடப்பது இங்கே மிகச் சாதாரணம். அப்போது மருந்து முழுதாக வேலை செய்யாமல் போகலாம். இரும்பு மாத்திரையை டீ, காபியிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். பயோட்டின் மாத்திரை, அந்தச் சத்துக் குறை இல்லாதவர்களுக்கு முடி வளர்த்ததாகச் சான்று இல்லை. போதாதற்கு, தைராய்டு பரிசோதனை முடிவையே அது குழப்பிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் நிறுத்தியிருக்க வேண்டும். எடையை 5 சதவீதம் குறைத்தாலே பி.சி.ஓ.எஸ்ஸுக்கு நல்லதுதான். ஆனால் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் குறைத்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டும். பழி மருந்தின் மேல் விழும்.

காத்திருக்கும் மாதங்களில் வெளியே போகவும் வேண்டுமே. மண்டைத்தோலை மறைக்கும் முடி நிறக் கெரட்டின் பொடியை வகிட்டில் தூவலாம், கெடுதல் இல்லை. மருந்து காய்ந்த பிறகு தூவ வேண்டும். மெலிந்த முடியில் சவுரி வைத்து இறுக்கிப் பின்னுவது வேண்டாம். அந்த எடை வேரையே இழுக்கும்.

நிறுத்தினால் என்ன ஆகும்? மருந்தால் வந்த முடி மூன்று நான்கு மாதங்களில் போய்விடும், தலை மருந்து போடாமலே இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அந்த நிலைக்கு. அதனால் ஒன்பதாவது மாதம் "போதும், சரியாகிவிட்டது" என்று விடுவதும் ஆறாவது வாரம் பயந்து விடுவதும் ஒன்றுதான். குழந்தைக்குத் திட்டமிடும்போது மட்டும் நிறுத்தியே ஆகவேண்டும்: கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மினாக்சிடில் கூடாது, ஸ்பைரோனோலாக்டோனைக் கருத்தடையை விடுவதற்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். எதை எப்போது விடுவது என்று மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து தேதி போட்டுத் தரட்டும். அந்த மாதங்களில் கொட்டுவது முன்பே தெரிந்த கணக்கு. மருந்தைத் திரும்பத் தொடங்கும் நாளில் வகிட்டை மறுபடி ஒரு படம் எடுத்து, அதை முதல் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.