ஃப்ரீமான்ட் வீட்டு ஆன்டெனா: எல்லாம் வருகிறது, அந்த 7 மட்டும்தான் தகராறு

கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்டுக்குப் பக்கத்து ஊரான மில்பிடாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "ஆன்டெனா வாங்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தையில சொல்லுங்க." மாதச் சந்தாவில் இணையம் வழி நேரலை டிவி தரும் யூடியூப் டிவிக்கும் டிஸ்னிக்கும் ஒப்பந்தம் படியாமல், 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை அந்தச் சேவையில் டிஸ்னியின் ஏபிசி சேனல் இல்லாமல் போனதே, அப்போது ஆரம்பித்தது. அந்தத் தகராறு தீர்ந்த பிறகும் அவர் விடவில்லை. 2026 உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டங்கள் பக்கத்தில் சான்டா கிளாராவிலேயே நடக்கும்போது, அதைப் பார்க்க மாதம் 80 டாலருக்கு மேல் கட்ட வேண்டுமா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

எங்கள் வீட்டில் பல வருடமாக ஆன்டெனாதான். கேபிள் இல்லை, நேரலை டிவி சந்தா எதுவும் இல்லை. (தமிழ் சேனல் எதுவும் ஆன்டெனாவில் வராது. அதற்கு இணையம்தான் வழி.) எத்தனை டெசிபல், எந்த கேபிள் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது, நண்பரும் படித்துவிட்டார். பெட்டியில் போடாத விஷயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. சான் ஃபிரான்சிஸ்கோவில் குன்றின்மேல் மூன்று கால்களோடு நிற்கிறதே சூட்ரோ டவர் என்ற டிவி ஒளிபரப்புக் கோபுரம், 977 அடி, அது எங்கள் வீட்டிலிருந்து சுமார் 30 மைல் வடமேற்கில் இருக்கிறது. நடுவில் பெரும்பாலும் வளைகுடாத் தண்ணீர்தான், மலை எதுவும் மறைக்கவில்லை. 2-ஆம் எண் ஃபாக்ஸ், 5-ஆம் எண் சிபிஎஸ், 9-ஆம் எண்ணில் பொது ஒளிபரப்பு நிலையமான கேக்யூஈடி மூன்றும் வருடம் முழுக்க அசையாமல் வருகின்றன. கேக்யூஈடியோடு சேர்ந்தே குழந்தைகளுக்கென்று ஒரு தனிச் சேனலும் வருகிறது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது ஒன்றே போதும். விளையாட்டு நேரலையில் புல்தரை புல்தரையாகவே தெரிகிறது, கேமரா வேகமாகத் திரும்பும்போதும் பெரிதாகக் குழைவதில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று இருக்கிறது. காற்றில் வரும் சிக்னல் ஸ்ட்ரீமிங்கைவிட முந்தி வருகிறது. பக்கத்து வீட்டில் ஸ்ட்ரீமிங். முக்கியமான ஆட்டம் நடக்கும் நாளில் எங்கள் வீட்டில் கத்தி முடித்து உட்கார்ந்த பிறகுதான் அங்கே சத்தம் எழும். ஸ்ட்ரீமிங்கில் அரை நிமிடம் பிந்துவது சாதாரணம், சில சமயம் அதற்கும் மேலே. கோல் விழுந்த செய்தி போனில் வந்துவிடுமோ என்று பயந்து போனைக் கவிழ்த்து வைக்க வேண்டியதில்லை. இதற்காக மட்டுமே ஆன்டெனா வாங்கினாலும் தப்பில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சரி, இப்போது 7-க்கு வருகிறேன்.

2022 ஜூனில் எங்கள் பகுதிக் கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் பாஸ்டனோடு என்பிஏ இறுதிச்சுற்று ஆடியது. எல்லா ஆட்டமும் ஏபிசியில், அதாவது இங்கே 7-ஆம் எண்ணில். வளைகுடாப் பகுதியே டிவி முன்னால் இருந்த நாட்கள் அவை. ஜூன் 16, ஆறாவது ஆட்டம், 103-90 என்று ஜெயித்துக் கோப்பையை எடுத்தார்கள். வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி மூன்று புள்ளிக்காகப் பந்தை உயர்த்துகிறார், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விக்குகிறது, படம் திரும்பும்போது எல்லோரும் மறுபக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதே நிமிடம் 2-க்கும் 5-க்கும் மாற்றினால் கண்ணாடி மாதிரி தெளிவு. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் பூச்சி பறக்கும், ஆனாலும் ஆட்டம் புரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஒரு அளவு வரை முழுசாக வரும், அதற்குக் கீழே ஒன்றுமே வராது.

அந்தச் சேனல் மேல் பழி போட முடியாது. அவர்கள் ஒழுங்காகத்தான் ஒளிபரப்புகிறார்கள். விஷயம் வேறு. டிவியில் தெரியும் எண்ணுக்கும் காற்றில் வரும் எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. 7 என்று திரையில் தெரிவது உண்மையில் 12-ஆம் அலைவரிசையில் வருகிறது. 4 என்று தெரிவது 7-ஆம் அலைவரிசையில். என்பிசியின் 11 வருவது 13-ல். சிக்னலோடு சேர்ந்து வரும் தகவலை வைத்து டிவி பழைய எண்ணைக் காட்டிக்கொள்கிறது, நாமும் நம்பிவிடுகிறோம்.

இந்த இடமாற்றத்துக்குக் காரணம் செல்போன். 614 மெகாஹெர்ட்ஸிலிருந்து 698 வரை இருந்த டிவி இடத்தை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி ஏலம் விட்டது. 2017-ல் ஏலம் முடிந்தபோது தொகை சுமார் 1,980 கோடி டாலர். அங்கே இருந்த நிலையங்களை எல்லாம் கீழே நெருக்கி உட்கார வைத்தார்கள், 2020 ஜூலையில் அந்த வேலை முடிந்தது. அந்த மாற்றத்தில் இடம் மாறியவைதான் இந்த 4, 7, 11 மூன்றும். மூன்றும் இப்போது இருப்பது விஎச்எஃப் என்கிற தாழ்ந்த பகுதியில், 174-க்கும் 216 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில். தொல்லை இல்லாத 2, 5, 9 மூன்றும் யுஎச்எஃப் என்கிற உயர்ந்த பகுதியில், அதாவது 500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே.

இது தெரிந்ததும், ஜன்னலில் ஒட்டியிருந்த தட்டை ஆன்டெனாவை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் ஓர் அடி. ஃபாக்ஸ் வரும் 31-ஆம் அலைவரிசைக்கு அரை அலை நீளம் சுமார் 26 சென்டிமீட்டர், அதற்கு இந்தத் தகடு பொருந்தும். ஏபிசி வரும் 12-ஆம் அலைவரிசைக்கு அரை அலை சுமார் 72 சென்டிமீட்டர். ஓர் அடித் தகட்டில் அது எங்கே உட்காரும்? நம் ஊர் மொட்டைமாடிகளில் தூர்தர்ஷனுக்காக நின்ற அலுமினிய ஆன்டெனாக்களின் கம்பிகள் ஏன் அவ்வளவு நீளம் என்பதற்கும் இதுதான் காரணம். அலையின் நீளத்துக்கு ஏற்ற உலோகம் வேண்டும், வேறு வழியில்லை.

என் கோபம் முழுக்க அந்தப் பெட்டி மேல்தான். "எச்டி ஆன்டெனா", "4கே தயார்", "100 மைல்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எச்டிக்கென்று தனி ஆன்டெனா உலகத்தில் கிடையாது. 100 மைல் தூரத்தில் பூமியின் வளைவே குறுக்கே வந்துவிடும், வீட்டுக்குள் வைக்கிற தகடு அங்கிருந்து எதையும் பிடிக்கப் போவதில்லை. விஎச்எஃப்பில் எப்படி என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் நேர்மை. அந்த வரிதான் இல்லை. ஒரு பெரிய ஊரில் முக்கியமான நாலு நிலையங்களில் பாதி விஎச்எஃப்பில் இருக்கும்போது, அதைச் சொல்லாமல் விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான்.

கூடவே ஒரு ஆம்ப்ளிஃபையரும் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் சிக்னல் மீட்டர் ஏறும், படம் அப்படியேதான் உடையும். கலங்கிய தண்ணீரைப் பெரிய குடத்துக்கு மாற்றினால் தெளிந்துவிடாது. இரைச்சலையும் சேர்த்துத்தானே அது பெருக்குகிறது? நீளமான கேபிளில் போகும் இழப்பை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையர் உதவும், ஆன்டெனா பிடிக்காததை அது கொண்டு வராது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்ததுதான் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். மத்தியானம் 7 ஓரளவு நன்றாக வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உடையும். வானிலையைச் சந்தேகப்பட்டேன், விமானங்களைச் சந்தேகப்பட்டேன் (விமானம் தாழப் பறந்தால் விஎச்எஃப்பில் ஒரு துடிப்பு வருவது உண்மைதான்). கடைசியில் பார்த்தால் அடுப்படி விளக்கு. கூரையில் பதித்த எல்இடி விளக்குகளைப் போட்டால் 7 உடைகிறது, அணைத்தால் உடனே சேர்ந்துகொள்கிறது. மலிவான எல்இடி பல்புக்குள் இருக்கும் மின்மாற்றிச் சுற்று இந்த அலைவரிசைகளில் நன்றாகவே இரைச்சல் போடும். யுஎச்எஃப் பக்கம் அது அவ்வளவாக ஏறுவதில்லை, அதனால்தான் 2-க்கும் 5-க்கும் ஒன்றும் ஆகவில்லை. பல்புகளை மாற்றினோம், ஒவ்வொன்றாகப் போட்டு டிவியைப் பார்த்துச் சோதித்து. அப்புறம் கராஜ் கதவு விளக்கு, அதுவும் அதே கூட்டம். சாயங்காலத்தில் தோசை வார்ப்பவரை இருட்டில் நிற்கச் சொல்லி ஆட்டம் பார்ப்பது எந்த வீட்டிலும் சரிப்படாது, ஆகவே நண்பரே, பல்புச் செலவையும் ஆன்டெனாச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அட்டிக்கில், அதாவது கூரைக்கடிப் பரணில், இருப்பது விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டுக்குமான, நீளக் கம்பிகள் வைத்த ஆன்டெனா. வீடு பழையது, கூரைக்கடியில் வெப்பத்தைத் தடுக்கும் அலுமினியத் தாள் கிடையாது, அதனால் உள்ளே வைத்தும் வேலை செய்கிறது. அந்தத் தாள் இருக்கும் புது வீடுகளில் அட்டிக்கில் வைப்பது வீண். 4-ம் 11-ம் நிலையாக வருகின்றன. 7 பெரும்பாலான நாட்களில் சுத்தமாக வருகிறது. பெரும்பாலான நாட்களில் என்றுதான் சொல்ல முடிகிறது. நேற்று ராத்திரி செய்தி நடுவில் மறுபடி உடைந்தது. யார் வீட்டில் என்ன விளக்கு போட்டார்களோ.

இதற்கு நடுவில் டிவி ஒளிபரப்புக்குப் புதுத் தரம் ஒன்று வந்திருக்கிறது, ஏடிஎஸ்சி 3.0. 2017 நவம்பரில் எஃப்சிசி அனுமதித்தது. பலவீனமான சிக்னலை இப்போதைய முறையைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை, என் 7-க்கு அதுதான் மருந்தாக இருந்திருக்கும். ஆனால் பல நிலையங்கள் அதைப் பூட்டி, அனுமதி பெற்ற கருவியில் மட்டும் திறக்கும்படி அனுப்புகின்றன. காற்று பொதுச் சொத்து, அதில் இலவசமாக ஒளிபரப்பும் உரிமையைப் பெற்றுக்கொண்டு அதற்கே பூட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பூட்டு இருக்கும் வரை 3.0 பெட்டிக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்க மாட்டேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். மேலே இத்தனை புகழ்ந்ததையும் வைத்துக்கொண்டே சொல்கிறேன். என் ஆன்டெனாவை யார் சொன்னாலும் கழற்ற மாட்டேன், அது வேறு. உங்களுடையது டவுன்ஹவுஸ், அட்டிக் உங்கள் கையில் இல்லை. சுவர் ஸ்டக்கோ என்கிற சிமென்ட் பூச்சு, அதற்குள் கம்பி வலை இருக்கும், சிக்னலைத் தின்றுவிடும். பால்கனி கிழக்கே பார்க்கிறது, டவர் வடமேற்கில். குடியிருப்புச் சங்கம் தடுக்கும் என்று பயப்பட வேண்டாம். உங்களுக்கு மட்டுமே உரிய பால்கனியில் ஆன்டெனா வைப்பதை அவர்கள் தடுக்க முடியாது, 1996-லிருந்து எஃப்சிசி விதி இருக்கிறது. சங்கம் ஒத்துக்கொண்டாலும் சுவர் ஒத்துக்கொள்ளாது. உலகக் கோப்பைக்கு மட்டும் என்றால், அதை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் யுஎச்எஃப்பில் இருப்பதால் வந்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது ஏபிசி. அதற்காக வாங்கினால் என்னைப் போலவே பல்பு பல்பாக அலைவீர்கள்.

மனசு கேட்கவில்லை என்றால் பெரிதாக எதுவும் வாங்குவதற்கு முன் என்னிடம் இருக்கும் பழைய முயல்காது ஆன்டெனாவை எடுத்துப் போங்கள். இரண்டு கம்பியையும் 14 அங்குலத்துக்கு நீட்டி, மேலே தூக்காமல் இரண்டு பக்கமும் படுக்கையாக விரித்து, வடமேற்கு ஜன்னலில் வையுங்கள். சேனல் ஸ்கேன் செய்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு விளக்கெல்லாம் போட்டபடி 7-ஐப் பாருங்கள். மத்தியானம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.