5 மீட்டர் டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஸ்ட்ரிப்: விளக்கு ஜோர், தாமிரம்தான் கஞ்சத்தனம்

மீட்டருக்கு 60 எல்இடி, 5 மீட்டர் சுருள், 5 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் முதலில் கைக்கு வருவது இந்த வகைதான். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் கொடுக்கலாம், எந்த இரண்டு எல்இடிக்கு நடுவிலும் வெட்டலாம். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கூட டபிள்யூஎல்இடி என்ற இலவச மென்பொருளை, வைஃபை உள்ள சின்னக் கன்ட்ரோலரான இஎஸ்பி32 போர்டில் ஏற்றிவிட்டு, போனிலிருந்தே ஓட்டலாம். வண்ண அலங்காரத்துக்குக் கொடுத்த காசுக்குக் குறைவில்லாத சரக்கு. குறையெல்லாம் எல்இடியைச் சுமக்கும் பட்டையில்.

ஒரு எல்இடிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று. தலா 20 மில்லி ஆம்பியர், ஆக 60. முழு வெள்ளையில் 300 எல்இடிக்கு 18 ஆம்பியர், 90 வாட். பின்னால் வந்த பதிப்புகள் இதைவிடக் குறைவாகவே இழுக்கும். ஆனால் வாங்கும் சுருளில் எந்தப் பதிப்பு என்று எழுதியிருக்காது, அதனால் 60 என்றே கணக்குப் போடுவது நல்லது. இத்தனை மின்சாரமும் 10 மி.மீ. அகலப் பட்டைக்குள் இருக்கும் மெல்லிய தாமிரப் படலம் வழியாகப் போக வேண்டும். ஒரே முனையில் 5 வோல்ட் கொடுத்து முழு வெள்ளை போட்டால், மறுமுனையில் மல்ட்டிமீட்டர் 4 வோல்ட்டுக்கும் கீழே காட்டும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் பக்கம் தேவை, சிவப்புக்கு 2 போதும். எனவே நீலம் முதலில் மங்கும், தூய வெள்ளை போகப் போக மஞ்சளாகி, கடைசி ஒரு மீட்டரில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். பலர் இதைப் பார்த்து "எல்இடி போலி" என்று திருப்பி அனுப்புகிறார்கள். எல்இடி மேல் தப்பில்லை, பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

மருந்து எளிது: தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் தனி வயரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. வயர் போதும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஃப்யூஸ் போடுங்கள். பெரிய எஸ்எம்பிஎஸ்ஸில் (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) ஷார்ட் ஆனால் வயர்தான் முதலில் எரியும். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்ன திருகைத் திருப்பி வோல்டேஜைக் கூட்டி முனையைச் சரிக்கட்டும் குறுக்குவழி வேண்டாம். இந்த எல்இடியின் உச்ச வரம்பு 5.3 வோல்ட், அதைத் தாண்டினால் தொடக்கத்தில் இருப்பவை போய்விடும்.

பெட்டியைத் திறந்ததும் கவனிக்க வேண்டியது வயர் நிறம். பெரும்பாலான சுருளில் சிவப்பு 5 வோல்ட், பச்சை டேட்டா (நிறக் கட்டளை போகும் வயர்), வெள்ளை கிரவுண்ட். கறுப்பு வயரைத் தேடிப் பழகிய கை வெள்ளையை டேட்டா என்று நினைத்துக்கொள்ளும். 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் தலைகீழாகக் கொடுத்தால் முதல் சில எல்இடிகள் அந்த நொடியே காலி. பட்டையில் அச்சிட்ட அம்புக்குறியைப் பார்த்து, அம்பு கிளம்பும் முனையில் டேட்டா கொடுக்க வேண்டும். மறுமுனையில் கொடுத்தால் ஒன்றும் எரியாது, ஆனால் எதுவும் கெடாது.

அடுத்த தலைவலி, மூன்று நாள் ஒழுங்காக ஓடி நாலாம் நாள் கண்டபடி மினுக்குவது. 5 வோல்ட்டில் ஓடும் இந்த எல்இடி, டேட்டா 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை '1' என்று உறுதியாக ஏற்கும். இஎஸ்பி32 கொடுப்பது 3.3. மேஜையில் அதிர்ஷ்டத்தில் ஓடியது, வயர் நீண்டால் நின்றுவிடும். 3.3 வோல்ட் டேட்டாவை 5 வோல்ட்டாக உயர்த்தும் 74ஏஹெச்சிடி125 ஐசி ஒன்று போட்டால் தீர்ந்தது: 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7க்கும் 1க்கும் கிரவுண்ட், 2இல் இஎஸ்பி32 டேட்டா, 3இலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்ட்ரிப். ரெசிஸ்டர் ஸ்ட்ரிப்புக்கு ஒட்டியே இருக்கட்டும். சிவப்பு நிறக் குட்டி போர்டில் வரும் இருவழி லெவல் கன்வெர்ட்டரை வாங்காதீர்கள். அது ஐ2சி எனும் மெதுவான சென்சார் இணைப்பு வேலைக்கு நல்லது, 800 கிலோஹெர்ட்ஸ் டேட்டாவுக்குப் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. மின்சாரம் நுழையும் இடத்தில் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட் கப்பாசிட்டர் ஒன்று. இஎஸ்பி32, எஸ்எம்பிஎஸ், ஸ்ட்ரிப் மூன்றின் கிரவுண்டும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஐசியை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

சுருள் 5 மீட்டர் என்றாலும் அது ஒரே துண்டு இல்லை. அரை மீட்டர் துண்டுகளை ஈயம் வைத்து ஒட்டியதுதான். 30, 60, 90 என்று 30இன் மடங்கில் எரிவது நின்றால் எல்இடியைச் சந்தேகிக்காதீர்கள், அந்த ஒட்டு விட்டிருக்கிறது. பட்டையை அந்த இடத்தில் லேசாக மடக்கினால் எரிந்து எரிந்து அணையும். 37 போல நடுவில் நின்றால் 36 அல்லது 37 செத்திருக்கிறது. இரண்டையும் வெட்டிவிட்டு மூன்று வயரில் இணைப்பதே வேகமான வழி. ஈயம் வைக்கும்போது முதலில் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை), பிறகு தகட்டுக்கும் வயருக்கும் தனித்தனியே ஈயப் பூச்சு, கடைசியாக 350 டிகிரி சால்டரிங் அயர்னை இரண்டு நொடி வைத்தால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் தாமிரத் தகடு உரிந்து அயர்னோடு வந்துவிடும்.

கொலுப் படிக்கு இந்த ஸ்ட்ரிப் கச்சிதம். ஐந்து படி, படிக்கு ஒரு மீட்டர் என்றால் ஒரு சுருளில் முடிந்துவிடும். ஐந்தாக வெட்டி, பின்னால் ஓடும் இரண்டு தடித்த வயரிலிருந்து படிக்குப் படி மின்சாரம் கொடுங்கள். டேட்டா மட்டும் முதல் படியின் முடிவிலிருந்து அடுத்த படியின் தொடக்கத்துக்கு. இப்படிச் செய்தால் மேலே சொன்ன மஞ்சள் பிரச்சினையே வராது. டபிள்யூஎல்இடியில் மின்சார வரம்பை 6 ஆம்பியர் என்று வைத்துவிட்டால் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் தாராளம். அகல் விளக்கு நிறம் வேண்டுமானால் சிவப்பு 255, பச்சை 120, நீலம் 20 பக்கம் ஆரம்பித்துக் கண்ணால் சரிசெய்யுங்கள். சிவப்பு கேட்டால் பச்சை வருகிறதா? டபிள்யூஎல்இடியில் நிற வரிசையை ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்று மாற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். குழந்தைகள் உட்காரும் இடம், மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

எல்லாம் அணைந்திருக்கும்போதும் ஒவ்வொரு எல்இடிக்குள் இருக்கும் ஐசி 1 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். சுருளுக்கு 0.3 ஆம்பியர். வருடம் முழுக்க மாட்டி வைப்பவர் மின்சாரத்தையே துண்டிக்கும் ரிலே ஒன்று சேர்க்கலாம்.

படிக்கும் மேஜைக்கு வெள்ளை விளக்காக வாங்க வேண்டாம். மூன்று நிறம் கலந்து வரும் வெள்ளை நீலம் பாய்ந்து, தோலின் நிறத்தைக்கூட நோய்க்காரன் மாதிரி காட்டும். அதற்குத் தனி வெள்ளையும் சேர்ந்த எஸ்கே6812 வகை இருக்கிறது. மாடி ஓரம் 10 மீட்டர் ஓட்ட நினைப்பவர் 12 வோல்ட் டபிள்யூஎஸ்2815 பாருங்கள். வோல்டேஜ் இழப்பு பெரிதாகத் தெரியாது, ஒரு எல்இடி செத்தாலும் மாற்று டேட்டா கம்பியால் மற்றவை ஓடும்.

பின்பக்க ஸ்டிக்கரை நம்பி நேரே மரத்திலோ சுண்ணாம்புச் சுவரிலோ ஒட்டினால் ஒரு கோடைகூடத் தாங்காது. அலுமினியச் சேனலில் ஒட்டுங்கள், சூடும் இறங்கும். எல்இடிக்கு எல்இடி 17 மி.மீ. இடைவெளி என்பதால், பால் நிற மூடியும் குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளி இருந்தால்தான் புள்ளிகள் கரைந்து ஒரே கோடாகத் தெரியும். ஒட்டுவதற்கு முன்பு சுருளைப் பிரித்துத் தரையில் நீட்டி, சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாகக் குறைந்த வெளிச்சத்தில் ஓட்டுங்கள். பிறகு ஒரு இரவு முழுக்க அப்படியே எரியட்டும். விடும் ஒட்டு பெரும்பாலும் அன்றைக்கே விட்டுவிடும், ஸ்டிக்கர் உரிக்காமல் இருந்தால் மாற்றிக் கேட்கவும் முடியும்.