செயற்கைக் கையா, அறுவை சிகிச்சையா, இருக்கும் கையே போதுமா?

கை முழுமையாக உருவாகாத குழந்தை பிறந்த வீட்டில், "எப்போது கை பொருத்தலாம்?" என்ற கேள்வி முதல் மாதமே எழுந்துவிடுகிறது. அதற்கு முன், கை எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கருவில் 4ஆவது வாரத்தில் மொட்டாக அரும்பும் கையில் 8ஆவது வார முடிவுக்குள் விரல்கள் பிரிந்துவிடும். இடையில் வளர்ச்சி எங்கே தடைப்பட்டதோ அதைப் பொறுத்தே வழிகள் அமைகின்றன.

கட்டைவிரல் மட்டும் இல்லையென்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சுட்டுவிரலை அதன் நரம்பு, ரத்தக்குழாய்களோடு திருப்பிக் கட்டைவிரலின் இடத்தில் அமைக்கும் அறுவை சிகிச்சையே பெரும்பாலும் சிறந்தது. கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரையால் கருவிலேயே பாதிக்கப்பட்ட ஜெர்மானியக் குழந்தைகளுக்குச் செய்தே கை அறுவை நிபுணர் டீட்டர் புக்-கிராம்கோ இம்முறையைச் செம்மைப்படுத்தினார். இதில் விரல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஆனால் பிடி கிடைக்கிறது.

உள்ளங்கை இருந்து விரல்கள் இல்லாதபோதுதான் உண்மையான போட்டி. கால்விரலை எடுத்துக் கையில் இணைக்கும் நுண் அறுவை சிகிச்சை ஒருபுறம். தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும் அமெரிக்கரான ஐவன் ஓவனும் வடிவமைத்து, 2013 முதல் பலரும் இலவசமாக அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சுக் கை மறுபுறம். அச்சுக் கையின் சூட்சுமம் எளிது: மணிக்கட்டை மடக்கினால் கயிறு இழுபட்டு விரல்கள் மூடும், நிமிர்த்தினால் எலாஸ்டிக் அவற்றைத் திறக்கும். செலவு மிகக் குறைவு, நிறமும் குழந்தையின் விருப்பம். பள்ளியில் அதற்குக் கிடைக்கும் மதிப்பே தனி. ஆனால் மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால்தான் பிடி நிற்கும், பிளாஸ்டிக் விரலுக்குச் சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது. கால்விரல் பெரிதாக மடங்காது, பல மணிநேர அறுவை சிகிச்சை, காலில் ஒரு விரல் குறையும். ஆயினும் அது குழந்தையோடு வளர்கிறது, தொட்டால் உணர்கிறது. சிகிச்சைக்கு ஏற்ற எலும்பும் தசைநாரும் கையில் இருக்குமானால் என் சாய்வு இதன் பக்கமே.

முழங்கைக்குக் கீழே கை நின்றுபோன குழந்தைக்குத் தோள்பட்டை வாரால் இழுத்து இயக்கும் கொக்கிக் கை உண்டு. தோலில் படியும் மின்முனைகள் தசை இறுகும்போது எழும் மின்சைகையை அறிந்து மோட்டாரை இயக்கும் மையோஎலக்ட்ரிக் கையும் உண்டு. முன்னது உறுதியானது, பார்வைக்குக் கரடுமுரடு. பின்னது அழகு, ஆனால் விலை அதிகம், கனமும் கூட, தினமும் சார்ஜ் ஏற்ற வேண்டும், குழந்தை வளர வளர முன்கை நுழையும் உறையையும் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் அந்த உறைக்குள் ஊறும் வியர்வையைப் பற்றி விளம்பரங்கள் பேசுவதில்லை. குழந்தைகளில் கைவிடுவோர் சராசரியாக முதல் வகையில் 45 சதவீதம், இரண்டாவதில் 35 சதவீதம் என்று 2007இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் இவ்வகைக் குறையுள்ள 489 குழந்தைகளை ஆராய்ந்தபோது, செயற்கைக் கை அணிந்தவர்கள் அன்றாடச் செயல்திறனில் அணியாதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை என்று தெரிந்தது.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீர் பாட்டிலை முழங்கை மடிப்பில் இடுக்கி மறுகையால் மூடியைத் திருகும் குழந்தை, நோட்டு நகராமல் முன்கை நுனியால் அழுத்திக்கொண்டு எழுதும் குழந்தை, கை இல்லாமல் இருப்பதாக நினைப்பதே இல்லை. அந்த நுனித் தோலின் உணர்ச்சியை உறை போட்டு மூடினால் அதற்கு இழப்புதான். வலக்கை இல்லாத குழந்தை இடக்கையால் சோறு பிசைவதைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினருக்காக எந்தச் செயற்கைக் கையையும் வாங்க வேண்டியதில்லை. சாம்பார் சாதம் பிசைய அவற்றால் ஆகவும் ஆகாது.

ஆகவே இக்குழந்தைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது முழுக் கையை அல்ல, ஒரு வேலைக்கான சிறு கருவியை. சைக்கிள் ஹேண்டில்பாரில் முன்கையைப் பொருத்தும் கிண்ணம், கிரிக்கெட் மட்டையைப் பிடிக்கும் பட்டை போன்றவற்றை விளையாட்டு முடிந்ததும் கழற்றிவிடலாம். மோட்டார் கையைப் பற்றி, அதைக் குழந்தையே கேட்கும் வயதில் யோசித்தால் போதும்.